நின்றால் தேயும்: மின்பகுப்புக் கலன்களின் ஓய்வு நேரம்



காரைக்குடியில் மின்வேதியியல் பேச வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்க வருவதுதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊரில் இருக்கிறது. உப்புநீரைப் பகுத்துக் காஸ்டிக் சோடா எடுக்கும் நம் நாட்டு ஆலைகளுக்காக டைட்டானிய மின்வாய்களைச் செய்து காட்டியவர்கள் இங்கே வேலை பார்த்தவர்கள். இந்த அரங்கில் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனாலும் ஆலைத் தரையில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் சில சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். 2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் முன்னோடி ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு உற்பத்தி, கிலோ என்ன விலை, திறன் எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் எல்லா மேடையிலும் பேசப்படுகிறது. அவை யாவும் எந்திரம் ஓடும் நேரத்தைப் பற்றிய கேள்விகள். அது நிற்கும் நேரத்தில் என்ன ஆகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொண்டேன்.

சூரிய மின்சாரத்தை மட்டும் நம்பி ஓடும் எலக்ட்ரோலைசர் பொழுது சாய்ந்ததும் நின்றாக வேண்டும். ஆண்டுக்கு 365 நிறுத்தம், 20 ஆண்டில் 7,300. மேகம் மறைத்து நின்றதும் மின்கம்பி அறுந்து நின்றதும் இதில் சேராது. காற்றாலையோடு இணைத்தாலும் பெரிய விடுதலை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசியில் எழும் காற்று புரட்டாசியோடு அடங்கிவிடும்; அதன்பின் மாதக்கணக்கில் இறக்கைகள் சோம்பிச் சுற்றும். நாளில் பாதி நேரத்துக்குமேல் சும்மா கிடக்கப்போகிற ஓர் எந்திரத்தை, ஓடும் நேரத்தை மட்டும் மனத்தில் வைத்து வாங்குகிறோம்.

இந்தத் தொழிலின் பழைய ஆட்களுக்கு இந்தக் கவலை கிடையாது. நார்வேயின் ரியூக்கானில் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1920களின் இறுதியில் மிகப்பெரிய நீர்மின்பகுப்பு ஆலையை எழுப்பியது. கனநீருக்காகவும் 1943இல் நடந்த நாசவேலைக்காகவும் அதைப் பலரும் போர்க்கதையாகத்தான் அறிவார்கள். என் போன்றோருக்கு அதன் பெருமை வேறு. மலையிலிருந்து விழும் தண்ணீர் இரவு பகல் பாராமல் மின்சாரம் கொடுத்தது. கலன்களும் நிற்காமல் ஓடின. நம் பக்ரா அணை மின்சாரத்தை நம்பிப் பஞ்சாபின் நங்கலில் 1960களின் தொடக்கத்தில் உர ஆலை வந்தபோதும் அதே எண்ணம்தான்: மலிவான நீர்மின்சாரம், தடையில்லாத ஓட்டம், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன், அதிலிருந்து அம்மோனியா. நாட்டின் முதல் கனநீர் ஆலையும் 1962இல் அங்கேதான் வந்தது. ஆனால் வீடுகளும் வயல்களும் பக்ராவின் மின்சாரத்தைப் பங்கு கேட்கத் தொடங்கியதும் நங்கலுக்குக் கிடைத்தது சுருங்கியது. 1970களில் அந்த ஆலை எரிஎண்ணெயின் பக்கம் சாய்ந்தது. மின்பகுப்பு அங்கே தோற்றது வேதியியலால் அல்ல, மின்சாரம் வராததால். இன்று நாம் கட்டுகிற ஆலைகளில் மின்சாரம் தினமும் வராமல் போகும் என்பது வரைபடத்திலேயே எழுதியிருக்கிறது.

சரி, நின்றால் என்ன கெட்டுப்போகும்?

மோட்டார், பம்ப் போன்றவற்றில் நின்றால் தேய்மானம் இல்லை. அந்தப் பழக்கத்தில் எலக்ட்ரோலைசரையும் பார்க்கிறோம். சுவிட்சை அணைத்தால் அது அணைந்துவிடும் என்று எண்ணுகிறோம். அது அணைவதில்லை. அந்த நிமிடத்திலிருந்து அது ஒரு பேட்டரி.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் வோல்ட்டாவின் அடுக்கைக் கொண்டு தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். ஓரிரு ஆண்டுக்குள் பிரான்சில் கோத்ரோ என்பவர், மின்பகுப்புக்குப் பயன்பட்ட பிளாட்டினக் கம்பிகளை அடுக்கிலிருந்து பிரித்தபின்னும் அவற்றிலிருந்து சிறிது நேரம் எதிர்த்திசையில் மின்சாரம் பாய்வதைக் கவனித்தார். 1839இல் வில்லியம் குரோவ் அந்த விளைவைப் பிடித்துக்கொண்டு வாயு பேட்டரிக்குப் போனார். இன்றைய எரிபொருள் கலம் அங்கிருந்து வந்தது. அவர்களுக்கு வரமாக வந்த அதே மின்சாரம் நமக்குச் சாபம்.

காரக் கலனை எடுத்துக்கொள்வோம். 25 முதல் 30 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், 70 முதல் 90 டிகிரி வெப்பம், நிக்கல் மின்வாய்கள், இடையில் ஒரு துளைத்திரை. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 1.8 முதல் 2 வோல்ட். இப்படிப்பட்ட செல்கள் நூறு, இருநூறு என்று வரிசையாக இறுக்கிப் பூட்டப்பட்டது ஒரு ஸ்டாக். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு தகடு. அதன் ஒரு முகத்தில் ஹைட்ரஜன் பிறக்கிறது, மறு முகத்தில் ஆக்சிஜன். அத்தனை செல்லுக்கும் கரைசலைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் பொதுக்குழாய்கள் உண்டு.

இப்போது, கலனுக்கு நேர்மின்சாரம் ஊட்டும் ரெக்டிஃபையரைத் துண்டிக்கிறோம். வெளிச்சுற்று அறுந்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? ஆக்சிஜன் முகத்தில் நிக்கல் உயர்ந்த ஆக்சைடாக நிற்கிறது. ஹைட்ரஜன் முகத்தில் உலோகமும் அதன்மேல் ஒட்டிய ஹைட்ரஜனும். இரண்டும் ஒரே தகட்டின் இரு பக்கம். எலக்ட்ரான் போக உலோக வழி தயாராக இருக்கிறது. அயனிகள் போக வழி வேண்டும். அதைப் பொதுக்குழாயில் நிரம்பியிருக்கும் காரக்கரைசல் கொடுத்துவிடுகிறது. சுற்று முடிந்துவிட்டது. வெளியே ஒரு கம்பியும் இல்லாமல், ஸ்டாக் தன்னைத்தானே வெறுமையாக்கத் தொடங்குகிறது. இதைத்தான் பின்னோட்ட மின்சாரம் என்கிறோம்.

கட்டுப்பாட்டு அறையில் செல் மின்னழுத்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கூத்து முழுவதும் தெரியும். அணைத்த உடனே 1.8 என்றிருந்தது 1.4, 1.5 அளவுக்கு இறங்கி அங்கே நிற்கும். புதிதாக வந்த பொறியாளர் அதைப் பார்த்து நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் ஸ்டாக்கின் நடுவில் இருக்கும் செல்கள் சரியத் தொடங்கியிருக்கும். ஓரத்துச் செல்கள் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். பின்னோட்டம் நடுவில்தான் அதிகம் என்பதால் இந்த வரிசை. திரையில் பட்டைகள் நடுவில் குழிவிழுந்து, அந்தக் குழி இரு பக்கமும் அகலமாகிக்கொண்டே போகும்.

மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வருவது மட்டும் என்றால் பாதகமில்லை. அந்தப் பயணத்தில் எந்த முகம் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஹைட்ரஜன் முகத்தில் உள்ள வினையூக்கிப் பூச்சு, எப்போதும் ஒடுக்கச் சூழலில் இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மின்னழுத்தம் மேலே இழுக்கப்பட்டால் நிக்கல் ஹைட்ராக்சைடாக மாறும். ரூத்தேனியம் போன்ற விலையுயர்ந்த சரக்கு இருந்தால் கரைந்து கரைசலோடு போகும். மறுநாள் காலை மின்சாரம் கொடுத்ததும் மாறியது ஓரளவு திரும்பி வரும், முழுவதும் வராது. வீங்கிச் சுருங்கி வீங்கிச் சுருங்கி, பூச்சு தகட்டை விட்டு உதிரும். ஸ்டாக்கைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடிகட்டி வலையில் கறுப்பு மாவு படிந்திருக்கும், தகட்டை விரலால் தேய்த்தால் கையுறையில் மையாக ஒட்டும்.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தினர் 1990 வாக்கிலேயே இருமுனைக் கலன்களில் இதைப் பற்றி எழுதினார்கள். ஆனால் அப்போது கேட்க ஆள் இல்லை. பின்னாளில் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தினர் இதை நுணுகி ஆராய்ந்து ஒரு தெளிவைக் கொடுத்தார்கள். எந்த முகத்தில் சேர்ந்து கிடக்கும் மின்னேற்றம் அதிகமோ, அது மற்றதைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. ஆக்சிஜன் முகத்தின் இருப்பு அதிகமானால் ஹைட்ரஜன் முகம் மேலேறிக் கெடும். ஹைட்ரஜன் முகத்தின் இருப்பு அதிகமானால் ஆக்சிஜன் முகம் கீழிறங்கும். ஆக, எந்த முகம் அடிபடப்போகிறது என்பதைத் தகடு செய்யும்போதே ஓரளவு நாமே தீர்மானிக்கலாம். ஹைட்ரஜன் பக்கத்தில் தியாகத்துக்கென்றே ஓர் அடுக்கை வைக்கும் யோசனை இதிலிருந்து வந்தது. பின்னோட்டம் முதலில் அந்த அடுக்கைத் தின்னும். அது தீரும்வரை வினையூக்கியைத் தொடாது. ஜப்பானுக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஃபுகுஷிமா மாநிலத்தின் நாமியேவில் 2020இல் திறந்த 10 மெகாவாட் காரக் கலன், பக்கத்திலேயே பரப்பிய 20 மெகாவாட் சூரியத் தகடுகளின் போக்கோடு இசைந்து ஓடவேண்டியிருந்தது.

தகட்டை மாற்றமுடியாத நமக்கு உள்ள நேரான வழி, கலனைப் பூஜ்யத்துக்கு விடாமல் பிடித்துவைப்பது. பெரிய ரெக்டிஃபையர் அணைந்ததும் ஒரு சின்ன ரெக்டிஃபையர் எடுத்துக்கொண்டு, பின்னோட்டத்தை வெல்லும் அளவுக்கு மட்டும் முன்னோக்கி மின்சாரம் செலுத்தும். காஸ்டிக் சோடா ஆலைகளுக்கு இது தெரிந்த கதை. மேட்டூரிலும் சாகுபுரத்திலும் அந்தத் தொழில் பார்த்தவர்கள் யாரும் இங்கே இருந்தால் போலரைசேஷன் ரெக்டிஃபையர் என்ற பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். ஆலையிலேயே மிகச் சிறிய, யாரும் கவனிக்காத பெட்டி அது.

கவனிக்காததன் விலையை நான் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஓர் ஆலையில் ஓர் இரவு மின்வழங்கல் விழுந்தது. டீசல் ஜெனரேட்டர் ஒழுங்காக எழுந்தது. விளக்கு எரிந்தது, பம்ப் ஓடியது, குளோரின் உறிஞ்சும் கோபுரம் வேலை செய்தது. எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. விடியும்போதுதான் ஒரு எலக்ட்ரீஷியன் கேட்டார்: “சார், அந்தச் சின்ன ரெக்டிஃபையர் எமர்ஜென்சி போர்டுல இல்லையே, தெரியுமா?” ஆலை கட்டிய நாளிலிருந்து அது சாதாரண போர்டில்தான் இருந்திருக்கிறது. வரைபடத்தைப் படித்தவர் எவருக்கும் உறைக்கவில்லை. கம்பியைத் தொட்டு வேலை செய்தவருக்கு உறைத்தது. அந்த இரவுக்குப் பின் நடுவரிசைச் செல்களின் மின்னழுத்தம் பழைய இடத்துக்கு வரவே இல்லை.

மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் என்ன என்று கேட்கக்கூடாது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 26,600 ஆம்பியர்-மணி மின்னேற்றம் வேண்டும். அது இயற்கை வைத்த கணக்கு, பேரம் கிடையாது. செல் 1.8 வோல்ட்டில் ஓடினால் கிலோவுக்கு 48 யூனிட். 0.1 வோல்ட் ஏறினால் இன்னும் 2.66 யூனிட். ஆலை இருக்கும்வரை ஒவ்வொரு கிலோவுக்கும் இந்த வட்டியைக் கட்டவேண்டும்.

சின்ன ரெக்டிஃபையரிலிருந்து அந்தப் பாதுகாப்பு மின்சாரத்தைக் கொடுத்தால் போதுமே, பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் சிக்கலே தொடங்குகிறது.

துளைத்திரை வழியாக ஹைட்ரஜன் கொஞ்சம் ஆக்சிஜன் பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். முழு மின்சாரத்தில் ஓடும்போது ஆக்சிஜன் வெள்ளமாக வருவதால் அந்தக் கசிவு கரைந்துபோகிறது. மின்சாரத்தைக் குறைத்தால் ஆக்சிஜன் குறைகிறது. கசிவு அதே வேகத்தில் குறைவதில்லை. எனவே ஆக்சிஜனில் ஹைட்ரஜனின் விழுக்காடு ஏறுகிறது. 4 விழுக்காட்டில் வெடிக்கும் நிலை. அதற்கு வெகு முன்பே, 2 விழுக்காட்டில், இன்டர்லாக் என்ற தானியங்கிப் பாதுகாப்பு ஆலையை நிறுத்திவிடும். காரக் கலன்களைக் குறைந்த சுமையில் ஓட்டத் தயங்குவது இதனால்தான். சீனாவின் ஷிஞ்சியாங்கில் கூச்சா என்ற இடத்தில் 260 மெகாவாட் ஆலை 2023இல் தொடங்கியது, 52 கலன்கள். 30 விழுக்காடு வரை இறங்கலாம் என்று சொல்லி வாங்கிய கலன்களைப் பாதிச் சுமைக்குக் கீழே பத்திரமாக இறக்க முடியவில்லை என்று அந்த ஆண்டே செய்தி வந்தது. பாதிச் சுமைக்கே இந்தப் பாடு என்றால், பாதுகாப்பு மின்சாரம் என்பது நூற்றில் ஒரு பங்கு. மின்வாயைக் காக்கப் போய் வெடிகலவையைத் தயாரித்த கதை ஆகிவிடும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் அழுத்தத்தை இறக்கவேண்டும். கசிவு அழுத்தத்தோடு ஏறி இறங்குவது. பிறகு வாயு பிரிக்கும் கலன்களில் நைட்ரஜனைச் செலுத்தித் தேங்கிய வாயுவைத் துரத்தவேண்டும். அந்த நைட்ரஜன் ஓட்டம் தொடரும்போதே சின்ன ரெக்டிஃபையர் எடுத்துக்கொள்ளவேண்டும். பெரியது அணைவதற்கும் சின்னது ஏறுவதற்கும் இடைவெளி இருக்கக்கூடாது. இந்த நான்கு வரியை நடைமுறை ஏட்டில் எழுதுவது சுலபம். மாலை ஐந்தரை மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், மேகம் வந்து சூரியன் திடீரென்று விழும் நாளில் செய்வது வேறு. தானியங்கி வரிசையாக இதைக் கட்டுப்பாட்டுக் கணினியில் எழுதி வைக்காத ஆலையில் என்றாவது ஒரு நாள் யாராவது ஒரு படியைத் தாண்டத்தான் செய்வார்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம், இதைப் பலர் போடுவதில்லை. 5 மெகாவாட் ஸ்டாக் ஒன்று. பாதுகாப்பு மின்னோட்டம் முழு ஓட்டத்தில் நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் குறைவாக இருக்கும் என்பதால் தேவை 40 கிலோவாட் அளவு. இரவு 14 மணி நேரத்துக்கு 560 யூனிட். பகலில் அந்த ஸ்டாக் 30,000 யூனிட் வாங்கி, கிலோவுக்கு 52 யூனிட் வீதம் 577 கிலோ ஹைட்ரஜன் கொடுத்ததாகக் கொண்டால், இரவுச் செலவு நூற்றில் இரண்டுகூட இல்லை. மலிவுதான். ஆனால் அந்த 560 யூனிட்டைப் பொது மின்கட்டமைப்பிலிருந்து வாங்கினால், யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டையாக்சைடு என்ற அளவில் 392 கிலோ ஆகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் மேல் அது ஏறக்குறைய 0.7 கிலோவாக ஏறி உட்காரும். 2023 ஆகஸ்டில் அரசு வகுத்த வரையறைப்படி பசுமை என்று பெயர் வாங்கக் கிலோவுக்கு 2 கிலோவுக்குள் இருக்கவேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை எந்திரம் தூங்கும்போதே செலவழித்துவிட்டோம்! பகல் சூரியனைச் சேமித்துவைக்கும் ஒரு மிதமான பேட்டரியைச் சின்ன ரெக்டிஃபையருக்கென்று ஒதுக்கினால் இந்தத் தொல்லை தீரும். மின்வழங்கல் விழுந்தாலும் அது காப்பாற்றும். என்னைக் கேட்டால், புதிய ஆலைகளில் முதலில் வரையவேண்டியது அந்தப் பேட்டரியைத்தான்.

நீண்ட நிறுத்தத்துக்கு, அதாவது வாரக்கணக்கில் நிற்பதற்கு, வேறு வழி. பொதுக்குழாயில் உள்ள கரைசலை வடித்துவிட்டால் அயனி வழி அறுந்துவிடும், பின்னோட்டமும் நிற்கும். ஆனால் வடித்தபின் காற்று உள்ளே நுழைய விடக்கூடாது. ஈரமான நிக்கலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அரிப்பு. காற்றில் உள்ள கார்பன் டையாக்சைடு காரத்தோடு சேர்ந்து கார்பனேட்டாகும்; அது கரைசலின் மின்கடத்தும் திறனைக் கெடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கின் கேஸ்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கசிந்த காரம் காற்று பட்டுக் கார்பனேட்டாக உறைந்தது அது. தினமும் சூடாகிக் குளிர்கிற ஸ்டாக்கில் அந்தப் பூ அதிகம் பூக்கும். இறுக்கிய போல்ட்டுகள் மெல்லத் தளர்வதால்.

சவ்வுக் கலன்களுக்கு வருவோம். இங்கே காரம் இல்லை, தூய தண்ணீர்தான். மின்பகுளியாக ஓர் அமிலச் சவ்வு. ஆக்சிஜன் பக்கம் இரிடியம், தாங்குவதற்கு டைட்டானியம், ஹைட்ரஜன் பக்கம் பிளாட்டினம். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் இரிடியம் கிடைக்கிறது, பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில். அதை வீணாக்க யாருக்கும் மனம் வராது. பொதுக்குழாயில் தூய தண்ணீர் என்பதால் மேலே சொன்ன பின்னோட்டம் இங்கே பெரிதல்ல. ஆகவே சவ்வுக் கலனை எப்படி வேண்டுமானாலும் அணைக்கலாம், எழுப்பலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். பாதி உண்மை.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட சோதனை ஒன்றை மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டும். ஒரு சவ்வுக் கலனை உயர்ந்த மின்னோட்டம், குறைந்த மின்னோட்டம், பிறகு மின்சாரமே இல்லாத ஓய்வு என்று திரும்பத் திரும்பச் சுழற்றினார்கள். முதல் பத்துச் சுற்றில் கலன் முன்னைவிட நன்றாகவே ஓடியது. மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட் அளவு இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருந்தால், ஓய்வு கொடுத்தால் கலன் தேறுகிறது என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அவர்கள் 700 சுற்றுக்குமேல் கொண்டுபோனார்கள். திறன் சரிந்தது, உள்மின்தடை 1.6 மடங்கு ஆனது.

காரணம் இதுதான். ஓய்வில் ஹைட்ரஜன் சவ்வைத் தாண்டி ஆக்சிஜன் பக்கம் வருகிறது. அங்கே இரிடியம் ஆக்சைடின் மேற்பரப்பை உலோக இரிடியமாக ஒடுக்குகிறது. மறுபடி மின்சாரம் வரும்போது அந்த உலோகம் மீண்டும் ஆக்சைடாகிறது. முதலில் கிடைப்பது தளர்வான, நீரேறிய ஆக்சைடு. அது சுறுசுறுப்பானது, எனவே தொடக்கத்தில் கலன் தேறியதுபோல் தெரிகிறது. ஆனால் சீக்கிரம் கரைவதும் அதுதான். ஒவ்வொரு ஓய்வும் ஒரு சிட்டிகை இரிடியத்தை எடுத்துக்கொண்டு போகிறது. டைட்டானியமும் மின்கடத்தாத ஆக்சைடுத் தோலைத் தடிக்கப் போட்டுக்கொள்கிறது. மின்தடை ஏறியதில் அதற்கும் பங்குண்டு. அதே குழுவினர் ஓய்வு நேரத்தில் கலனை அப்படியே விடாமல் 1.3 வோல்ட்டில் பிடித்துவைத்தும் பார்த்தார்கள். அந்தச் சேதம் பெரும்பாலும் தவிர்ந்தது. 1.3 வோல்ட்டில் தண்ணீர் பிரிவது மிகச் சொற்பம். செலவாகும் மின்சாரம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். இவ்வளவு மலிவான மருந்து இந்தத் தொழிலில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சவ்வுக் கலனுக்குத் தண்ணீரும் ஒரு கவலை. ஓட்டம் நின்றால், தேங்கிய தூய தண்ணீர் தொட்ட குழாயிலிருந்தெல்லாம் அயனிகளைக் கறந்துகொள்ளும். இரும்பு அயனி ஒரு துளி சவ்வுக்குள் போனாலும் அது அமில இடங்களைப் பிடித்துக்கொள்வதோடு, சவ்வைத் தின்னும் வினைகளைத் தூண்டிவிடும். வெளியேறும் நீரில் ஃபுளூரைடு தெரிந்தால் சவ்வு கரைகிறது என்று பொருள். அதனால் இரவிலும் ஒரு சின்ன பம்ப் தண்ணீரை அயனி மாற்றுப் பிசின் வழியாகச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதலில் அணைக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பம்ப்தான். சவ்வு காய்ந்துபோகவும் விடக்கூடாது. காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் ஓரங்களில் விரிசல்.

700 டிகிரிக்கு மேல் நீராவியைப் பிரிக்கும் திட ஆக்சைடு கலன்களைப் பற்றி ஒரே வார்த்தை: அவற்றைத் தினமும் குளிரவிட நினைக்கவே கூடாது. சூடாகவே வைத்து, நிக்கல் மின்வாயின் மேல் ஹைட்ரஜன் கலந்த வாயுவை ஓடவிட்டால்தான் நிக்கல் ஆக்சைடாகி உப்பி வெடிக்காமல் இருக்கும். சூரியனோடு எழுந்து சூரியனோடு படுக்கிற ஆலைக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த விஷயம் என்றால் ஏன் நடைமுறைக்கு வரவில்லை? பணம் காரணமல்ல, மேலே போட்ட கணக்குகள் அதைக் காட்டும். ஒப்பந்தங்களைப் படித்துப் பாருங்கள். ஸ்டாக்கின் ஆயுள் 60,000 மணி, 80,000 மணி என்று ஓடிய நேரத்தில் எழுதப்படுகிறது. ஓடிய மணிக்குக் கணக்கு உண்டு. நின்ற தடவைக்குக் கணக்கு இல்லை. சூரிய ஆலையில் ஒரு ஸ்டாக் 60,000 மணி ஓடி முடிக்கப் பதினைந்து ஆண்டுக்குமேல் ஆகும். அதற்குள் ஐயாயிரம் தடவைக்குமேல் அணைந்து எழுந்திருக்கும். அது தேய்ந்தது ஓடியதாலா நின்றதாலா என்று தகராறு வரும்போது கையில் ஒரு தாளும் இருக்காது. விற்றவர் நீங்கள் சரியாக அணைக்கவில்லை என்பார். வாங்கியவர் நீங்கள் சொல்லவே இல்லை என்பார். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

எனவே, தூத்துக்குடியிலும் மற்ற இடங்களிலும் டெண்டர் எழுதப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஆயுள் உத்தரவாதத்தை மணியோடு சேர்த்து நிறுத்தங்களின் எண்ணிக்கையிலும் கேளுங்கள். ஓய்வில் ஒவ்வொரு செல்லும் எந்த மின்னழுத்தத்தில் இருக்கவேண்டும், அதை எந்த மின்சாரம் தாங்கும் என்பதைத் தாளில் வாங்குங்கள். மின்வழங்கல் விழுந்தால் அந்தச் சின்ன ரெக்டிஃபையர் எந்த போர்டில் தொங்குகிறது என்று கையெழுத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். ஆலையை இயக்கப்போகும் இளைஞர்களுக்கு: ஒவ்வொரு நிறுத்தத்தையும் நேரம், காரணம், செல் மின்னழுத்தம் சரிந்த விதம் ஆகியவற்றோடு பதிவு செய்யுங்கள். நம் வெயிலில், நம் காற்றில், நம் தண்ணீரில் இந்தக் கலன்கள் எப்படித் தேய்கின்றன என்ற தரவு வேறெந்த நாட்டிலிருந்தும் வராது. அதை இங்கேயே, இந்த ஊர் ஆய்வகத்தோடு சேர்ந்து உண்டாக்கவேண்டும்.